ரப்பர் மிக்சருக்கு வாங்கிய நீர்க்குளிர்ச்சி டிரைவ் எப்படி இருக்கிறது?

ரப்பர் கலக்கும் இன்டெர்னல் மிக்சர் ஒன்றை ஓட்டுவதற்காக எங்கள் ஆலையில் நிறுவிய 630 கிலோவாட், 690 வோல்ட் நீர்க்குளிர்ச்சி டிரைவை, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியைப் பற்றிய மதிப்பீடு இது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளிலும் குறைகளிலும் பெரும்பகுதி இந்த வகை டிரைவ்கள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், வேறு எந்த நிறுவனத்திடம் வாங்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். விற்பனைக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஆம்பியரும் கிலோவாட்டும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த ஆம்பியர் எந்த வெப்பநிலையில் உள்ளே வரும் கூலன்டுக்கு (குளிர்விக்கும் திரவத்துக்கு), எந்த அழுத்தத்தில், எவ்வளவு ஓட்டத்துக்குப் பொருந்தும் என்பது பின்பக்க அட்டவணைகளில் சிதறிக் கிடக்கிறது. டிரைவின் உண்மையான திறன் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து; ஆகவே இந்த மதிப்பீட்டில் மற்றவற்றை விரைவாகக் கடந்து, அந்த எல்லைகளிலேயே நிற்கிறேன்.

காற்றுக் குளிர்ச்சியை விட்டு இதற்கு வந்ததன் காரணம் கார்பன் பிளாக். மிக்சர் தளத்தில் அந்தக் கரித்தூள் புகாத இடம் கிடையாது. அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காற்றை உறிஞ்சி ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) வழியாகத் தள்ளும் டிரைவுக்குள் படிந்தால் வடிகட்டியை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. நீர்க்குளிர்ச்சி டிரைவில் கேபினெட்டை முழுவதுமாக மூடிவிடலாம். இழப்பு வெப்பத்தில் பெரும்பகுதியை அலுமினியத் தகடுகளுக்குள் ஓடும் கூலன்ட் எடுத்துச் சென்றுவிடும். மீதிச் சிறு பகுதியைக் கேபினெட்டுக்குள்ளேயே சுற்றும் காற்று, உள்ளிருக்கும் சிறிய காற்று–நீர் வெப்பப் பரிமாற்றியிடம் ஒப்படைத்துவிடும். இந்த வகையில் தயாரிப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. கதவைத் திறந்து பார்க்கும்போது பஸ்பாரிலும் (மின்சாரம் போகும் உலோகப் பட்டை) கார்டுகளிலும் கரி படிந்த தடயம் இல்லை. சத்தமும் குறைவு, பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேச முடிகிறது. இடமும் மிச்சம். மின்சாரத்தை மாற்றும் மாட்யூலைக் கழற்ற வேண்டுமானால் குவிக் கப்ளிங்கை (சட்டென்று கழற்றும் குழாய் இணைப்பு) விடுவித்தால் போதும், சுற்று முழுவதையும் வடிக்கத் தேவையில்லை. இவை அனைத்தும் நிறைகள்; இவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

இனி வெப்பநிலைக்கு வருவோம். கையேட்டின்படி, உள்ளே நுழையும் கூலன்ட் 40 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் டிரைவ் முழு மின்னோட்டத்தைத் தரும். 40க்கும் 45க்கும் இடையே ஒவ்வொரு டிகிரிக்கும் 2 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். 45ஐத் தாண்டினால் ஓட்டக் கூடாது. 630 கிலோவாட்டில் இழப்பு ஏறத்தாழ 2.5 சதவீதம் என்று கொண்டால் சுமார் 16 கிலோவாட் வெப்பம் உருவாகிறது. அதில் 15 கிலோவாட் கூலன்டுக்குப் போகிறது. நிமிடத்துக்கு 50 லிட்டர் ஓட்டத்தில், 25 சதவீதம் கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்த நீருக்குக் கணக்கிட்டால், நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே நான்கரை டிகிரி உயர்வு வரும். முழுச் சுமையில் எங்கள் டிரைவின் திரையில் தெரிவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே அவர்கள் கொடுத்த ஓட்ட அளவும் இழப்புக் கணக்கும் நேர்மையானவை என்று சொல்லலாம். இது சிறிய பாராட்டு அல்ல. இழப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு, வெப்பப் பரிமாற்றியின் அளவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டும் விற்பனைத் தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

40 டிகிரி என்பது ஏதோ வசதிக்காக வைத்த முழு எண் அல்ல. ஐஜிபிடி (மின்னோட்டத்தை மிக வேகமாகத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) மாட்யூலின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு, பெரும்பாலான மாட்யூல்களில் 150 டிகிரி வரைதான் தொடர்ந்து இயங்க அனுமதிக்கப்பட்டது. சில்லிலிருந்து அடித்தகடு, அதிலிருந்து வெப்பம் கடத்தும் பசை, அதிலிருந்து அலுமினியம், அதிலிருந்து கூலன்ட் என்று ஒவ்வொரு படியிலும் சில டிகிரி ஏறும். சுமை எவ்வளவோ அந்த ஏற்றமும் அவ்வளவு. கூலன்ட் ஒரு டிகிரி கூடினால் சில்லும் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும். நடுவில் அதைத் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. மிக்சரைப் போல, ரப்பர் கட்டி உள்ளே விழுந்தவுடன் மின்னோட்டம் துள்ளி எழும் இயந்திரத்துக்கு இது இன்னும் முக்கியம். கையேட்டில் சொல்லியிருக்கும் குறுகிய நேர மிகைச்சுமைத் திறனும் 40 டிகிரி நுழைவையே அடிப்படையாகக் கொண்டது; 44 டிகிரியில் ஓடிக்கொண்டே அந்த மிகைச்சுமையை எதிர்பார்ப்பது சரியல்ல. கேபினெட்டில் உள்ள கெப்பாசிட்டர்களுக்கும் வெப்பம் பகைதான். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்ற பழைய கணக்கை இங்கேயும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

40 டிகிரியை எட்டாமல் பார்த்துக்கொள்வது எளிது என்று தோன்றலாம். கூலிங் டவரை நம்பும் ஆலைகளில் அது அப்படியில்லை. கூலிங் டவரால் தண்ணீரைச் சுற்றுப்புறத்தின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே இறக்க முடியாது. ஈரக்குமிழ் வெப்பநிலை 28 டிகிரியாக இருக்கும் நாளில், நல்ல டவர் 32 டிகிரித் தண்ணீரைத் தரும். அந்தத் தண்ணீருக்கும் டிரைவின் உள்சுற்றுக் கூலன்டுக்கும் இடையே உள்ள தகட்டு வெப்பப் பரிமாற்றி மேலும் நான்கைந்து டிகிரியை எடுத்துக்கொள்ளும். ஆக, எல்லாம் சுத்தமாக இருக்கும்போதே நுழைவு 36, 37 டிகிரி. தகடுகளில் உப்புப் படிந்து அந்த நான்கைந்து டிகிரி எட்டாக விரிந்தால் 40 வந்துவிடும். டிரைவில் எந்தப் பழுதும் இல்லாமலேயே திறன் குறையத் தொடங்கும் நிலை இது. சந்தையில் 45 டிகிரி வரை எந்தக் குறைப்பும் இன்றி முழு மின்னோட்டம் தரும் டிரைவ்களும் இருக்கின்றன. அந்த 5 டிகிரிக்காக ஒரு படி பெரிய டிரைவை வாங்குவதா, தகட்டுப் பரிமாற்றியைப் பெரிதாக்குவதா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். பரிமாற்றியில் கூடுதல் தகடுகளைச் சேர்ப்பது டிரைவின் அளவைக் கூட்டுவதைவிட மலிவு.

இந்த எல்லையைத் தயாரிப்பாளர் காவல் காக்கும் விதத்தில் எனக்கு முதல் குறை. நுழையும் கூலன்டின் வெப்பநிலையைத் திரையில் காட்டுகிறார்கள்; ஆனால் எச்சரிக்கையும் டிரிப்பும் (டிரைவ் தானே நின்றுவிடுவது) ஹீட் சிங்க்கின் வெப்பநிலையை வைத்தே இயங்குகின்றன. சுமை குறைவாக இருக்கும்போது கூலன்ட் 43 டிகிரிக்குப் போனாலும் ஹீட் சிங்க் அமைதியாகவே இருக்கும். அடுத்த கட்டி விழுந்து சுமை ஏறும்போதுதான் எச்சரிக்கையும் டிரிப்பும் அடுத்தடுத்து வரும், ஆபரேட்டருக்கு எதையும் செய்ய அவகாசம் இருக்காது. நுழைவு வெப்பநிலைக்குத் தனி எச்சரிக்கை இருந்திருந்தால் பல நிமிடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த அளவை டிரைவிலிருந்து பிஎல்சிக்கு (ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினி) எடுத்து, 38 டிகிரியில் நாங்களே ஓர் எச்சரிக்கையை வைத்துக்கொண்டோம். சென்சார் இருக்கிறது, அளவு திரையில் வருகிறது, ஒரு வரம்பு மட்டும் வைக்கவில்லை. இதை மென்பொருளின் அடுத்த பதிப்பில் சரிசெய்வது பெரிய வேலையாக இருக்காது.

மேல் எல்லையைவிட எனக்குக் கவலை தருவது கீழ் எல்லைதான். அட்டவணையில் நுழைவு வெப்பநிலை ‘0 முதல் 40 டிகிரி வரை’ என்று போட்டிருக்கிறார்கள். இதைப் படிப்பவர் 15 டிகிரித் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பார். ரப்பர் ஆலைகளில் மிக்சரின் உடலையும் ரோட்டரையும் குளிர்விக்கச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தண்ணீர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு கிளையை டிரைவுக்குத் திருப்பிவிடும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் அதே அட்டவணையின் அடிக்குறிப்பில், ‘ஈரம் படியக் கூடாது’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் உண்மையான கீழ் எல்லை. காற்றின் வெப்பநிலை 35 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதமும் இருந்தால் பனிநிலை 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். 30 டிகிரி, 70 சதவீதத்தில் பனிநிலை 24. காற்று 40 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் ஆகிவிட்டால் பனிநிலை 36 டிகிரியாகிவிடும். அந்த நிலையில் மேலே 40, கீழே 36. அட்டவணையில் 40 டிகிரி அகலமாகத் தெரிந்த வெளி நான்கு டிகிரிச் சந்தாகச் சுருங்கிவிடுகிறது.

டிரைவுக்குள் ஈரம் படிந்தால் என்ன ஆகும் என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அலுமினியத் தகட்டின் பக்கத்திலேயே சுமார் 1000 வோல்ட் டிசி பஸ்பார் போகிறது. நீர்த்துளியோடு சிறிதளவு கரித்தூளும் சேர்ந்தால் மின்காப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயமல்ல. இந்தத் தயாரிப்பில் மூவழி வால்வு ஒன்று உள்சுற்றுக் கூலன்டைப் பரிமாற்றி வழியாகவும் அதைச் சுற்றியும் பிரித்து அனுப்பி, நுழைவு வெப்பநிலையை அமைத்த அளவில் நிறுத்துகிறது. ஏற்பாடு நல்லது. ஆனால் தயாரிப்பாளரின் ஆலையிலிருந்து வரும்போது அந்த அளவு 25 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. குளிரூட்டிய மின்னறையில் 25 பொருத்தமாக இருக்கலாம். ஈரமான மிக்சர் தளத்துக்கு அது ஆபத்தான எண். நாங்கள் அதை 34 டிகிரிக்கு ஏற்றினோம். பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது மேலே நிற்க வேண்டும் என்பதும், மேல் எல்லையை நெருங்காமல் இருக்க வேண்டும் என்பதும் இந்த எண்ணைத் தீர்மானித்தன. ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து, பனிநிலைக்கு ஏற்ப அமைப்பைத் தானே உயர்த்திக்கொள்ளும் சென்சாரை இவர்கள் தனி விலைக்கு விற்கிறார்கள். அது கூடுதல் வசதிப் பட்டியலில் இருக்க வேண்டிய பொருளே அல்ல.

ஈரம் படிவதற்கு மிகவும் வாய்ப்பான நேரம் டிரைவ் ஓடும்போது வருவதில்லை, நின்ற பிறகுதான் வருகிறது. ஓடும்போது தகடுகள் கூலன்டைவிடச் சூடாகவே இருக்கும். ஷிஃப்ட் முடிந்து மிக்சரை நிறுத்தியதும் வெப்பம் உருவாவது நின்றுவிடுகிறது; மூவழி வால்வு முழுவதுமாக மூடாமல் சிறிது கசிந்தால்கூட, பரிமாற்றியின் மறுபக்கம் ஓடும் வெளிச்சுற்றின் குளிர்ந்த தண்ணீர் உள்சுற்றைத் தன் வெப்பநிலைக்கு மெதுவாக இழுத்துவிடும். எங்கள் வால்வில் இந்தக் கசிவு இருந்தது. இரவெல்லாம் நின்றிருந்த டிரைவின் நுழைவு வெப்பநிலை காலையில் அமைத்த அளவைவிட வெகுவாக இறங்கியிருந்ததைப் பதிவுகள் காட்டின. டிரைவ் நின்றவுடன் வெளிச்சுற்றுத் தண்ணீரையே நிறுத்திவிடும் சோலனாய்டு வால்வு ஒன்றைச் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. இதோடு, வெளிச்சுற்றுக் குழாய்கள் பரிமாற்றிக் கேபினெட்டுக்குள் எந்த உறையும் இல்லாமல் வந்தன. உள்சுற்று 34 டிகிரியில் இருந்தாலும் அந்தக் குழாய்கள் வெளித்தண்ணீரின் குளிரில்தான் இருக்கும். அவற்றின் மேல் வியர்த்துக் கீழ்த்தட்டில் சொட்டும் தண்ணீரைக் கசிவு சென்சார் உண்மையான கசிவென்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை கொடுத்தது. குழாய்களுக்கு ரப்பர் உறை போட்டதும் எச்சரிக்கை நின்றது. சென்சாரைக் குறை சொல்ல முடியாது. உறையில்லாமல் அனுப்பியவர்களைச் சொல்லலாம்.

வால்வின் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். முதலில் இருந்த அமைப்பில் வால்வு இங்கும் அங்கும் ஆடி, நுழைவு வெப்பநிலை மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு எண்களைச் சீர்செய்தபின், மிக்சரின் சுமை ஏறினாலும் இறங்கினாலும் அது ஏறத்தாழ ஒரு டிகிரிக்குள் நிற்கிறது. மாட்யூலுக்குள் இருக்கும் பற்றாசுப் படலமும் கம்பி இணைப்புகளும் அதிக வெப்பத்தால் மட்டுமல்ல, வெப்பம் ஏறி இறங்குவதாலும் களைத்துப்போகும். மிக்சரின் சுமை தரும் ஏற்ற இறக்கத்தை நம்மால் தவிர்க்க முடியாது. கூலன்டும் சேர்ந்து ஆடாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதே லாபம்.

அழுத்தத்தில் இந்தக் கையேடு இன்னும் மோசம். விற்பனைத் தாளில் ‘அதிகபட்ச அழுத்தம் 6 பார்’ என்ற ஒரே எண் இருக்கிறது. நிறுவல் கையேட்டுக்குள் போனால், சுற்றை நிரப்பும்போது வைக்க வேண்டிய அழுத்தம் 2.5 பார், அது 3 பாரைத் தாண்டக் கூடாது, விரிவுக் கலத்தின் (கூலன்ட் சூடாகி விரிய இடம் தரும் கலம்) காற்றழுத்தம் 0.8 பார், டிரைவின் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே இருக்க வேண்டிய அழுத்த வேறுபாடு 1.2 பார், அது அதிகபட்சம் 1.6 பார் என்று ஐந்தாறு எண்கள் வருகின்றன. சில இடங்களில் பார், சில இடங்களில் கிலோபாஸ்கல். 100 கிலோபாஸ்கல் ஒரு பார் என்பது எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் அந்த எண் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே அளந்ததா, முழு அழுத்தமா என்பதைச் சொல்லாவிட்டால் ஒரு பார் வித்தியாசம் வந்துவிடுகிறது. நிறுவனத்திடம் கேட்டு, எல்லாம் வளிமண்டலத்துக்கு மேலே அளந்தவை என்று உறுதி செய்துகொண்டோம்.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளைக் காக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். 6 பார் என்பது தகடுகளும் ஹோஸ்களும் கப்ளிங்குகளும் தாங்கக்கூடிய எல்லை. 2.5 பார் என்பது பம்ப் நின்றிருக்கும்போது சுற்று முழுவதும் இருக்கும் அடிப்படை அழுத்தம். இது போதாமல் போனால் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் சரிந்து கேவிட்டேஷன் (நீரில் ஆவிக்குமிழ்கள் உருவாகி உடைவது) தொடங்கும், எங்காவது இணைப்பு தளர்ந்திருந்தால் காற்றும் உள்ளே இழுக்கப்படும். 1.2 பார் வேறுபாடு என்பது உண்மையில் ஓட்டத்தின் அளவுகோல். நிமிடத்துக்கு 50 லிட்டர் போகும்போது தகடுகளின் குறுகிய கால்வாய்களில் அவ்வளவு அழுத்தம் இழக்கப்படும். அழுத்த இழப்பு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஓட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் 1.2 பார் 1.73 ஆகிவிடும், அதாவது 1.6 என்ற எல்லையைக் கடந்துவிடும். பெரிய பம்பை வைத்துவிட்டால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கூடுதல் வேகம் அலுமினியத்தை அரிக்கும், அதனால் கிடைக்கும் குளிர்ச்சியோ ஓரிரு டிகிரிக்குள்தான் இருக்கும்.

6 பார் எப்போது எட்டப்படும் என்பதைக் கையேடு விளக்காதது பெரிய குறை. வழக்கமான ஓட்டத்தில் எங்கள் பம்பின் வெளிப்பக்கத்தில் நாலரை பார் இருக்கிறது. 6க்கு வெகு தூரம் என்றுதான் தோன்றும். ஆனால் பராமரிப்புக்காக யாராவது பம்பை நிறுத்தாமல் டிரைவின் வெளியேற்ற வால்வை மூடிவிட்டால், ஓட்டம் நின்று, பம்ப் தன் முழு அழுத்தத்தையும் தகடுகளின் மேல் ஏற்றும். இந்தப் பம்பின் மூடிய நிலை அழுத்தம் 3.5 பார், அடிப்படை அழுத்தம் 2.5 பார், கூட்டினால் சரியாக 6. அடிப்படை அழுத்தம் அனுமதிக்கப்பட்ட 3 பாராக இருந்திருந்தால் 6.5 ஆகியிருக்கும். சேஃப்டி வால்வு காப்பாற்றாதா என்று கேட்கலாம். அது விரிவுக் கலத்தின் பக்கத்தில், அதாவது பம்பின் உறிஞ்சு பக்கத்தில் இருக்கிறது, வெளிப்பக்கத்தில் 6.5 பார் ஏறினாலும் அதற்கு இரண்டரை மூன்று பார் மட்டுமே தெரியும். வால்வுகளை மூடும் வரிசையைக் கேபினெட் கதவிலேயே ஒட்டிவைத்தோம்: முதலில் பம்பை நிறுத்த வேண்டும், பிறகுதான் வால்வுகள். சேஃப்டி வால்வை வெளிப்பக்கத்திலும் ஒன்று கொடுப்பதே முறையான தீர்வு.

உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 10 மீட்டர் உயர நீர்க்கம்பம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். டிரைவைத் தரைத்தளத்திலும் பரிமாற்றியை மேல்தளத்திலும் வைக்கும் ஆலைகளில், மேலே நிற்பவர் அழுத்தமானியில் 2.5 பார் பார்த்து நிரப்பினால் கீழே டிரைவில் அது 3.5 ஆக இருக்கும், கையேட்டின் எல்லையைத் தாண்டி. எங்களுக்கு எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

அழுத்தமானிகளைப் பற்றி. நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஒவ்வொரு சிறிய முள் அழுத்தமானி வைத்திருக்கிறார்கள். இரண்டும் 0 முதல் 10 பார் வரை, துல்லிய வகுப்பு 2.5 (முழு அளவில் 2.5 சதவீதம் வரை பிழை). அதாவது ஒவ்வொன்றிலும் கால் பார் வரை பிழை இருக்கலாம். இரண்டின் வித்தியாசத்தில் அது அரை பார் வரை போகலாம். அளக்க வேண்டியதோ 1.2 பார், எல்லை 1.6. இந்தக் கருவிகளைக் கொண்டு அந்த எல்லையைக் கண்காணிக்கவே முடியாது. ஒரே வேறுபாட்டு அழுத்த டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது. இவ்வளவு விலையுள்ள டிரைவில் இப்படி ஓர் இடத்தில் சிக்கனம் பிடிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

வேறுபாட்டைச் சரியாக அளக்க முடிந்தால் அது சொல்லும் செய்தி ஏராளம். ஓட்டம் குறைந்து வேறுபாடும் குறைந்தால் அடைப்பு டிரைவுக்கு வெளியே இருக்கிறது; பெரும்பாலும் ஸ்ட்ரெய்னரில் (குழாயில் உள்ள வடிகட்டி), அல்லது பம்பே தளர்ந்துவிட்டது. ஓட்டம் குறைந்து வேறுபாடு கூடினால் அடைப்பு தகடுகளுக்குள்ளேயே இருக்கிறது, அது கவலைப்பட வேண்டிய செய்தி. அடிப்படை அழுத்தம் மட்டும் மெல்ல இறங்கினால் உடனே கசிவு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. புதிதாக நிரப்பிய சுற்றில் கரைந்திருக்கும் காற்று, தானியங்கிக் காற்று வெளியேற்றி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதற்கேற்ப அழுத்தமும் இறங்கும். சூடு ஆறினாலும் இறங்கும். 20லிருந்து 50 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரிகிறது, கிளைக்கால் கலந்தது இன்னும் சற்றுக் கூடுதலாக விரிகிறது. ஆறும்போது அவ்வளவும் திரும்பச் சுருங்கும். நிறுவ வந்த சர்வீஸ்காரர் முதல் சில நாட்களின் இறக்கத்தைக் கசிவென்று கருதி இணைப்புகளையெல்லாம் இறுக்கினார். எங்கும் ஒரு துளி இல்லை. காற்று வெளியேறி முடிந்ததும் முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

கூலன்டின் தன்மையும் இந்த எல்லைகளின் ஒரு பகுதிதான். தகடுகள் அலுமினியம் என்பதால், அரிப்புத் தடுப்பான் சேர்ந்த கிளைக்காலைத் தாது நீக்கிய தண்ணீரில் 25 சதவீதம் கலக்கச் சொல்கிறார்கள். இதற்குக் குறைந்தால் தடுப்பானின் செறிவு போதாது, பாக்டீரியாவும் வளரும். கூடினால் பாகுத்தன்மை ஏறி ஓட்டம் குறையும், வெப்பத்தைச் சுமக்கும் திறனும் குறையும். 50 சதவீதக் கலவையில் டிரைவை நிரப்பிவிட்டு மேலே சொன்ன 40 டிகிரி எல்லையை அப்படியே நம்பக் கூடாது. உறைபனி இல்லாத இடத்தில் கூடுதலாகக் கலக்கக் காரணமே இல்லை. சுற்றில் தாமிரம், பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு எதுவும் இருக்கக் கூடாது என்றும் கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது; தாமிரமும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் கரையும், துத்தநாகமோ கிளைக்காலின் தடுப்பானோடு வினைபுரிந்து படிவாகும். சரியான அறிவுரை. ஆனால் இதே நிறுவனம் அனுப்பிய பொருத்துதல் பெட்டியில் துத்தநாகம் பூசிய இரண்டு நிப்பிள்கள் (குட்டைக் குழாய் இணைப்புகள்) இருந்தன. பளபளப்பைப் பார்த்துத் துருப்பிடிக்காத எஃகு என்று நினைத்துப் பொருத்திவிடக்கூடிய அளவில்தான் இருந்தன; காந்தம் வைத்துப் பார்த்த ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார். புகார் செய்ததும் மாற்றிக் கொடுத்தார்கள், விளக்கம் எதுவும் தரவில்லை.

பாதுகாப்பு ஏற்பாட்டைச் சோதிக்க, பாதிச் சுமையில் ஓடும்போது ஒரு பம்பை நிறுத்திப் பார்த்தோம். இரண்டாவது பம்ப் சில நொடிகளில் எடுத்துக்கொண்டது. திரையில் எச்சரிக்கை மட்டும் வந்தது, மிக்சர் நிற்கவில்லை. இரண்டையும் நிறுத்தியபோது ஒரு நிமிடம் ஆவதற்குள் டிரைவ் தானே டிரிப் ஆனது. காற்றுக் குளிர்ச்சி டிரைவோடு பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே கனமான ஹீட் சிங்க் வெப்பத்தைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். இங்கே தகடுகளில் உலோகம் குறைவு, அதற்குள் நிற்கும் கூலன்டும் சில லிட்டர்தான். ஓட்டம் நின்றால் அவகாசம் மிகக் குறைவு. அதனால் கூலன்ட் ஓட்டம் நின்றதை உணரும் ஓட்ட சுவிட்சின் டிரிப் தாமதத்தைத் தேவையில்லாத டிரிப்புக்குப் பயந்து நீட்டிவைக்கும் பழக்கம் இதில் ஆகாது.

வாங்கலாமா என்றால், தூசும் கரியும் உள்ள இடத்துக்கு வாங்கலாம். மின் பகுதியின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை; இழப்பும் ஓட்டமும் பற்றி அவர்கள் கொடுத்த எண்கள் அளவையோடு பொருந்துகின்றன. பரிமாற்றிக்கு வரும் வெளிச்சுற்றுத் தண்ணீர் கோடையிலும் 35 டிகிரியைத் தாண்டாது என்று உறுதி சொல்ல முடியாத ஆலைகள், 45 டிகிரி வரை குறைப்பில்லாத வேறு டிரைவைப் பார்ப்பது நல்லது. இதையே வாங்குவதானால் ஆர்டரிலேயே நான்கு பொருள்களை எழுத்தில் கேட்டுவிடுங்கள்: பனிநிலை சென்சார், வேறுபாட்டு அழுத்த டிரான்ஸ்மிட்டர், பம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு சேஃப்டி வால்வு, வெளிச்சுற்றுக் குழாய்களுக்கு உறை. ஆர்டருக்கு முன் கேட்டால் பேரத்தில் இவை சேர்ந்துவிடும். நிறுவிய பிறகு கேட்ட எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விலைப்புள்ளி வந்தது. ரப்பர் ஹோஸ்களை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; எங்கள் கையேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, நிறுவனத்திடமிருந்து பதிலும் இன்னும் வரவில்லை.